கடலுக்கு மேலே இடைவேளை

திமிங்கலம் பார்க்கப் படகேறுகிறவர்களுக்குக் கிடைப்பது, திமிங்கலம் மூச்சு வாங்கும் காட்சி மட்டும்தான். டிக்கெட் விற்பவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கைக்கோராவில் இரண்டரை மணி நேரம் அலையில் ஆடிவிட்டுத் திரும்பும் எவரும் கொஞ்சம் யோசித்தால் இந்த முடிவுக்குத்தான் வருவார்கள். அங்கே கண்ணில் படும் ஏறக்குறைய எல்லா உயிர்களும், வேலைக்கும் வேலைக்கும் நடுவே மேலே வந்து நிற்பவை. வேலை நடக்கும் இடம் வேறு, வேலை நேரமும் வேறு.

கைக்கோரா நியூசிலாந்தின் தென் தீவில், கிறைஸ்ட்சர்ச்சுக்கு வடக்கே சுமார் 180 கிலோமீட்டரில் இருக்கும் சிற்றூர். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கிறார்கள். ஊருக்குப் பின்னால் 2,500 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மலைத்தொடர், குளிர்காலத்தில் பனி மூடி நிற்கும். ஊருக்கு முன்னால் கடல். இதுவரை எந்தச் சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்திலும் இருப்பதுதான். பிரசுரத்தின் படத்தில் வராதது, அந்த மலை கடற்கரையோடு முடியாமல் நீருக்குள்ளும் அதே வேகத்தில் சரிகிறது என்பது. கைக்கோரா கடலடிப் பள்ளத்தாக்கின் தலைப்பகுதி, ஊருக்குத் தெற்கே கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்துவிடுகிறது. அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து வளைந்து இறங்கி, ஆழ்கடலில் போய்ச் சேர்கிறது. படகு கிளம்பிச் சிறிது நேரத்திலேயே அடியில் ஒரு கிலோமீட்டர் ஆழம் இருக்கும். பாக் நீரிணையில் நாள் முழுக்கப் படகு ஓட்டினாலும் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்காது என்பதை நினைத்துக்கொண்டால், இது எவ்வளவு விசித்திரமான கரை என்பது புரியும்.

உலகத்தின் பெரும்பாலான கரைகளில் கண்டத்திட்டு என்ற ஆழம் குறைந்த மேடை பல பத்துக் கிலோமீட்டர் தூரம் நீண்டிருக்கும். ஆழ்கடல் உயிர்களைப் பார்க்க வேண்டுமென்றால் அதைத் தாண்டிப் போக வேண்டும். கைக்கோராவில் அந்த மேடையை ஒரு பள்ளத்தாக்கு அறுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியேயும் இப்படி ஒரு பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே இறங்குகிறது. நீலத் திமிங்கலங்களும் ஸ்பெர்ம் திமிங்கலங்களும் அந்தக் கரையருகே தென்படுவதற்கு அதுதான் முக்கியக் காரணம். கைக்கோராவுக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. வடக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரும் தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரும் அதன் அருகே சந்திக்கின்றன. சத்துகள் மேலே கிளறப்பட, மிதவை உயிரிகள் பெருக, அவை செத்தும் கழிவாகியும் பள்ளத்தாக்குக்குள் மழையாய் இறங்குகின்றன. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் பள்ளத்தாக்கின் சேற்றில் வாழும் உயிர்களின் எடையைக் கணக்கிட்டது. அதே அளவு ஆழமுள்ள மற்றக் கடலடிகளில் காணப்படுவதைவிடப் பல மடங்கு அதிகம். ஆழ்கடலில் அறியப்பட்ட மிக வளமான இடங்களில் ஒன்று என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடற்புழுக்களும் கடல் வெள்ளரிகளும் மண்டிக் கிடக்கும் சேறு அது. மேலே படகில் கேமராவோடு நிற்பவர்களை அழைத்து வந்தது அந்தச் சேறுதான் என்று சொல்வது மிகையல்ல.

படகோட்டி திமிங்கலத்தைக் கண்ணால் தேடுவதில்லை. எஞ்சினை நிறுத்துகிறார். ஒரு திசையிலிருந்து வரும் ஒலியை மட்டும் வாங்கும்படி அமைத்த ஹைட்ரோஃபோனை, நீளமான கம்பின் முனையில் பொருத்தி நீருக்குள் இறக்குகிறார். கம்பை மெல்லச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார். சில படகுகளில் அந்த ஒலியைப் பயணிகளுக்கும் ஒலிபெருக்கியில் போடுவார்கள். 'டக், டக், டக்' என்று நொடிக்கு ஒன்று, சில சமயம் இரண்டு. சலிப்பே இல்லாமல் ஒரே சீராக வரும். அதுதான் ஸ்பெர்ம் திமிங்கலம் கீழே வேலை செய்யும் ஓசை.

அந்த ஓசை பிறக்கும் விதம் விலங்குலகின் பெரிய விநோதங்களில் ஒன்று. திமிங்கலத்தின் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தலை. அந்தத் தலையில் பெரும்பகுதி மூக்கு. இடது நாசித்துளை மூச்சுக்கு. வலது நாசிப்பாதை ஒலிக்கு. மூக்கின் முன்முனையில் உதடு போன்ற இரண்டு தசை மடிப்புகள் காற்றழுத்தத்தில் படக்கென்று மூடி ஒரு துடிப்பை எழுப்புகின்றன. அந்தத் துடிப்பு உடனே வெளியே போவதில்லை. முதலில் பின்னோக்கி, பல நூறு லிட்டர் மெழுகெண்ணெய் நிறைந்த பைக்குள் பயணிக்கிறது. மண்டையோட்டுக்கு முன்னால் இருக்கும் காற்றறையில் மோதித் திரும்புகிறது. பிறகு கீழே இருக்கும் கொழுப்பு அடுக்குகள் வழியாகக் குவிந்து ஒரு கற்றையாக முன்னே பாய்கிறது. உயிரினம் எழுப்பும் ஒலிகளில் இதைவிடப் பலமானது எதுவும் இதுவரை பதிவாகவில்லை. அந்தக் கற்றை கணவாயில் பட்டுத் திரும்பும் எதிரொலிதான், வெளிச்சமே எட்டாத ஆழத்தில் திமிங்கலத்துக்குப் பார்வை.

ஒலியில் ஒரு சிறு பகுதி தலைக்குள்ளேயே முன்னும் பின்னும் எதிரொலித்துக் கசிகிறது. அதனால் ஒவ்வொரு 'டக்'கையும் கணினியில் விரித்துப் பார்த்தால், அது ஒரே துடிப்பாக இல்லாமல் சில மில்லிநொடி இடைவெளியில் அடுத்தடுத்து வரும் துடிப்புகளின் வரிசையாகத் தெரியும். அந்த இடைவெளி எவ்வளவோ, ஒலி தலைக்குள் போய்வர அவ்வளவு நேரம். தலையின் நீளம் தெரிந்தால் உடலின் நீளமும் தெரிந்துவிடும். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு விலங்கின் நீளத்தை அதன் குரலை மட்டும் வைத்து அளந்துவிடலாம். கைக்கோராவில் நீண்ட காலமாக ஆய்வு செய்யும் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் இந்த முறையைப் பயன்படுத்தி வருகிறார்கள்.

சீராக வந்த டக்டக் சட்டென்று நெருங்கி, கீல் காய்ந்த கதவு திறப்பதுபோலக் 'கிர்ர்' என்று இழுத்தால், ஏதோ ஒரு கணவாய்க்கோ மீனுக்கோ கடைசி நொடிகள் நடக்கின்றன என்று பொருள். பிறகு ஒரு சிறு அமைதி, மறுபடி டக்டக். இந்தக் கட்டத்தில் படகோட்டிகள் அசைய மாட்டார்கள். அவர்கள் காத்திருப்பது வேறோர் அமைதிக்கு. டக்டக் நின்று, சில நிமிடங்களாகியும் மறுபடி தொடங்கவில்லை என்றால் வேலை முடிந்தது, ஆள் மேலே வந்துகொண்டிருக்கிறார். அப்போதுதான் எஞ்சின் உறுமும், எல்லாரும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மேலே வந்த திமிங்கலத்தைப் பார்த்து முதலில் ஏமாறாதவர்கள் குறைவு. பழுப்புச் சாம்பல் நிறத்தில், சுருக்கம் விழுந்த தோலோடு, அடித்துவரப்பட்ட மரம் மிதப்பதுபோல ஒரு முதுகு. அசைவே இல்லை. பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை இடது பக்கமாகச் சாய்ந்து ஒரு நீர்ப்புகை எழும். மூச்சுத்துளை தலையின் உச்சியில் இல்லாமல் முன்பக்கம் இடது ஓரத்தில் இருப்பதால் வரும் சாய்வு அது. தொலைவிலிருந்தே இது ஸ்பெர்ம் திமிங்கலம் என்று அடையாளம் சொல்லிவிடலாம். காற்று நம் பக்கம் வீசினால் அந்த மூச்சின் மீன்வாடையும் வரும்.

பயணி பார்ப்பது சும்மா மிதப்பதை. உள்ளே நடப்பது மும்முரமான சரக்கேற்றம். நாற்பது, ஐம்பது நிமிடம் மூச்சே இல்லாமல் இருந்த உடல், ஏறக்குறைய பத்தே நிமிடத்தில் அடுத்த முக்குளிப்புக்கான ஆக்சிஜனைச் சேர்த்தாக வேண்டும். சேமிப்பு நுரையீரலில் இல்லை. ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல நூறு மடங்கு. அங்கே நுரையீரல் சுருங்கி மடிந்துவிடும். மடிவதுதான் நல்லதும்கூட, நைட்ரஜன் ரத்தத்தில் கலப்பது குறையும். ஆக்சிஜனைப் பிடித்துவைப்பது ரத்தமும் தசையும். தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் அவ்வளவு அடர்த்தி. அதனால் இந்தத் திமிங்கலத்தின் இறைச்சி கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருக்கும். கடைசி மூச்சை இழுத்து, முதுகை வளைத்து, வால் துடுப்பு முழுதாக நீருக்கு மேலே எழும்போது படகில் கேமராக்கள் சடசடக்கின்றன. அஞ்சலட்டைகளில் வரும் அந்தக் காட்சி, திமிங்கலம் மறுபடி வேலைக்குக் கிளம்பும் தருணம்.

இதைத் தூக்கம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஸ்பெர்ம் திமிங்கலங்கள் தூங்குவது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, செங்குத்தாக நின்றபடி. உடலில் கருவி ஒட்டிக் கணக்கிட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, தங்கள் நேரத்தில் சுமார் 7 சதவீதத்தைத்தான் அவை அப்படிக் கழிக்கின்றன. அவ்வளவு குறைவாகத் தூங்கும் பாலூட்டிகள் அரிது.

தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் இந்த விலங்கு மறைமுகமாகப் பழக்கம். தூத்துக்குடியிலோ ராமநாதபுரத்திலோ 'கோடிக்கணக்கில் மதிப்புள்ள அம்பர்கிரிஸ் பறிமுதல்' என்று வரும் செய்திகளின் மூலப்பொருள் இதன் குடலில் உருவாவது. கணவாயின் செரிக்காத அலகுகள் உறுத்தும் இடத்தில் திரண்டு கெட்டியாவதாகக் கருதப்படுகிறது. கடத்தல் செய்தியில் பேர் வருவதைத் தவிர நாம் இதற்கு வேறு மரியாதை செய்ததில்லை.

கைக்கோராவில் வந்து தங்குபவை ஏறக்குறைய எல்லாமே ஆண்கள். பெண்களும் குட்டிகளும் வெதுவெதுப்பான கடல்களைவிட்டு அவ்வளவாக வெளியே வருவதில்லை. ஆண்கள் வளரும் பருவத்தில் குடும்பத்தைப் பிரிந்து, துருவத்தை நோக்கிய குளிர்நீருக்கு வந்து, தின்று பெருத்து, பல ஆண்டுகள் கழித்து இணை தேடி வெப்பக் கடலுக்குப் போகின்றன. வால் துடுப்பின் ஓரத்திலுள்ள வெட்டுகளையும் வடுக்களையும் வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். சில முகங்கள், அல்லது சில வால்கள், பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகின்றன.

டால்பின்களின் கணக்கு வேறு. கைக்கோராவில் நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் திரிபவை டஸ்கி டால்பின்கள். இரண்டு மீட்டருக்கும் குறைந்த நீளம், கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் தீட்டிய உடல், துள்ளுவதில் சூரர்கள். இவை இரவுப் பணிக்காரர்கள். அதை விளங்கிக்கொள்ள 1942க்குப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கச் சோனார் சோதனை நடத்திக்கொண்டிருந்த அமெரிக்கர்கள், கலிஃபோர்னியாவுக்கு அப்பால் கடலடி இருக்க வேண்டிய ஆழத்துக்கு வெகு மேலேயே இன்னொரு 'அடி' இருப்பதைக் கண்டார்கள். வரைபடத்தில் இல்லாத தரை அது. இரவில் மேலே வந்தது, பகலில் கீழே இறங்கியது. ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் மார்ட்டின் ஜான்சன் 1945இல் அது உயிர்களின் அடுக்கு என்று காட்டினார். உடலில் ஒளிப்புள்ளிகள் கொண்ட சிறு மீன்கள், இறால்கள், கணவாய்கள் எல்லாம் பகலில் இருட்டான ஆழத்தில் ஒளிந்திருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மேலே ஏறி மேய்கின்றன. விடிவதற்குள் இறங்கிவிடுகின்றன. உலகக் கடல்கள் அனைத்திலும், ஒவ்வொரு நாளும் நடக்கும் இந்த ஏற்ற இறக்கத்தைவிடப் பெரிய விலங்கு இடப்பெயர்ச்சி பூமியில் கிடையாது.

டஸ்கி டால்பினால் ஸ்பெர்ம் திமிங்கலம்போல ஆழம் போக முடியாது. ஆகவே இரை மேலே வரும்வரை அது காத்திருக்கிறது. பள்ளத்தாக்கின் மேல் இரவெல்லாம் முக்குளித்து மேய்ந்துவிட்டு, காலையில் ஆழம் குறைந்த கரையோரம் வந்து சேர்கிறது. கரையோரம் ஏன்? திறந்த கடலில் சுறாவும் ஓர்க்காவும் கீழிருந்தும் வரலாம். ஆழமில்லாத நீரில் ஒரு பக்கமாவது தரை காவல். ஊருக்குப் பக்கத்துப் பாறைகளில் வெயில் காயும் ரோமக் கடல்நாய்களும் இதே இரவுப் பணிக் கூட்டம்தான். அவற்றின் உணவிலும் அதே ஒளிப்புள்ளி மீன்களுக்கு முக்கிய இடம் உண்டு. 'சோம்பேறி' என்று குழந்தைகள் சிரிக்கும் அந்தக் கடல்நாய், முந்தின இரவு எத்தனை முறை மூழ்கி எழுந்ததோ.

இங்கே ஓர் இடைஞ்சல் இருந்தது. டால்பின்களுக்கு ஓய்வு நேரம் நண்பகல். சுற்றுலாவுக்கும் அதுவே வசதியான நேரம். படகுகள் சுற்றி வளைக்கும்போது கூட்டம் கலைந்து நீந்தத் தொடங்குவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அதனால் கோடை மாதங்களில் முற்பகல் 11.30 முதல் பிற்பகல் 1.30 வரை சுற்றுலாப் படகுகள் டஸ்கி டால்பின்களை விட்டு விலகியிருப்பது என்று ஏற்பாடாயிற்று. கடலில் ஒரு விலங்குக்காக மதிய இடைவேளை விடப்பட்டது எனக்குப் பிடித்த செய்தி. எந்த அறிவிப்புப் பலகையையும்விட நியாயமானது.

படகுக்கும் கரைக்கும் நடுவே நீரில் கறுப்புத் திட்டாக ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் சிறு பறவைகளைப் பெரும்பாலானோர் படம்கூட எடுப்பதில்லை. ஹட்டன் ஷியர்வாட்டர். புறாவைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. கண்ணைக் கவர எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கூட்டத்திலேயே மிகப் பைத்தியக்காரத்தனமான வாழ்க்கை இதனுடையது. கடற்பறவைகள் தீவுகளிலும் பாறை விளிம்புகளிலும் கூடு வைக்கும். இது மலையேறுகிறது. ஊருக்குப் பின்னால் நிற்கும் அந்த மலைத்தொடரில், 1,200 முதல் 1,800 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் புல்சரிவுகளில் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை இடுகிறது. வசந்தத்தில் வரும்போது வளை பனியில் மூடியிருந்தால் பனியையும் தோண்டுகிறது. 1960களில் ஜெஃப் ஹாரோ என்ற மலையேறி தேடிப்பிடிக்கும்வரை, கடலில் இவ்வளவு தென்படும் பறவை எங்கே குஞ்சு பொரிக்கிறது என்பதே அறிவியலுக்குத் தெரியாது. தாழ்வான சரிவுகளில் இருந்த குடியிருப்புகளை மனிதர் கொண்டுவந்த பன்றிகள் தோண்டித் தின்று தீர்த்துவிட்டன. மிச்சம் இருப்பவை பன்றி ஏற முடியாத இடங்கள். இயற்கையாக எஞ்சியது இரண்டே குடியிருப்புகள். அதனால் மலையிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, கைக்கோரா தீபகற்பத்தில் மூன்றாவது ஒன்றை உருவாக்கினார்கள்; 2010இல் அதைச் சுற்றி வேலியும் போட்டார்கள்.

பகலில் கடல், இருட்டியபின் மலை. குஞ்சுக்கு ஊட்டும் காலத்தில் பெற்றோர் இருவருக்கும் இதே போக்குவரத்து. நீருக்குள் சிறகாலேயே துடுப்புப் போட்டு முப்பது மீட்டருக்கும் மேல் முக்குளிக்கும் பறவை, அதே சிறகால் மலையும் ஏறுகிறது. மார்ச், ஏப்ரலில் குஞ்சுகள் முதன்முறையாக இரவில் கிளம்பிக் கடலைத் தேடி இறங்கும்போதுதான் சிக்கல். மூடுபனி இருந்தால் ஊர் விளக்குகளைப் பார்த்துத் தடுமாறி ரோட்டில் விழுகின்றன. கால்கள் உடலின் பின்கோடியில் இருப்பதால் சமதளத்திலிருந்து அவற்றால் எழும்பிப் பறக்க முடியாது. கார்ச் சக்கரம், பூனை, நாய். அந்த வாரங்களில் ஊர்க்காரர்கள் அட்டைப்பெட்டியோடு தெருவில் ரோந்து போகிறார்கள். பொறுக்கியெடுத்த குஞ்சுகளைப் பிறகு கடலில் விடுகிறார்கள். தெருவிளக்குகளைக் கீழ்நோக்கி மட்டும் ஒளிவிடும்படி மாற்றியதிலும் இந்தப் பறவைக்குப் பங்குண்டு.

இத்தனை பேர் ஓய்வில் இருக்க, வேலை நேரத்தில் நம் கண்ணில் படுவது அல்பட்ராஸ் ஒன்றுதான். அதற்கும் காரணம் நாம் போடும் கூலி. பறவை பார்க்கும் படகுகளில், உறையவைத்த மீன் ஈரலைக் கம்பி வலைக்குள் அடைத்து நீரில் மிதக்கவிடுவார்கள். அதுவரை பறவையே இல்லாத கடல். சில நிமிடங்களில் காற்று அடித்துச் செல்லும் திசையிலிருந்து ஒன்றொன்றாக வரத் தொடங்கும். கேப் பெட்ரல்கள், முரட்டு ஜயன்ட் பெட்ரல்கள், பிறகு தாழப் பறந்து வளைந்து வளைந்து பெரிய அல்பட்ராஸ்கள். அவை எல்லாம் ஈரலின் வாடையைப் பிடித்துக் காற்றுக்கு எதிராக வருபவை.

பறவைகளுக்கு மோப்பம் கிடையாது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் கேப்ரியல் நெவிட்டும் குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, கடற்பறவைகள் விஷயத்தில் அந்த நம்பிக்கைக்குப் பலத்த அடி. நுண்பாசிகளை இறால் போன்ற சிற்றுயிர்கள் மேயும்போது டைமெதில் சல்ஃபைடு என்ற வாயு வெளிவருகிறது. கடற்கரைக்கு நாம் போனதும் 'கடல் வாசனை' என்று உணர்வதில் அதற்கும் பங்கு உண்டு. திறந்த கடலில் அந்த வாயுவை வெளியிட்டபோது சில பெட்ரல் இனங்கள் தேடி வந்தன. பாசி இருக்கும் இடத்தில் இறால், இறால் இருக்கும் இடத்தில் மீன். கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரியும் கடல், இவற்றுக்கு வாசனைகளால் மேடுபள்ளம் வரைந்த வரைபடம். இந்தத் திறமையே இப்போது அவற்றின் வாயில் பிளாஸ்டிக்கையும் போடுகிறது. கடலில் சில வாரம் மிதந்து பாசி படிந்த பிளாஸ்டிக்கும் அதே வாயுவை விடுகிறது என்று 2016இல் தெரியவந்தது.

பெரிய அல்பட்ராஸின் இறக்கை, முனைக்கு முனை மூன்று மீட்டர். படகருகே வந்து இறங்கும்போது கால்களை விரித்து, நீரில் சறுக்கி, ஏறக்குறைய விழுகிறது. நேர்த்தி எல்லாம் பறப்பில்தான். அதுவும் இறக்கை அடிக்காமலே. கடலின் மேற்பரப்பை உரசும் காற்று உராய்வால் மெதுவாக வீசும். பத்துப் பதினைந்து மீட்டர் மேலே வேகமாக வீசும். அல்பட்ராஸ் காற்றை எதிர்த்து ஏறுகிறது. ஏற ஏற எதிர்க்காற்று வலுப்பதால், வேகம் இழக்க வேண்டிய பறவைக்கு இறக்கையின் மேல் காற்றோட்டம் குறையாமல் கிடைக்கிறது. உச்சியில் திரும்பி, காற்றோடு சேர்ந்து கீழே பாய்கிறது; மெதுவான காற்று அடுக்குக்குள் நுழையும்போது சேர்த்த வேகம் கையில் இருக்கிறது. மறுபடி திரும்பி ஏறுகிறது. இரண்டு அடுக்குகளின் வேக வேறுபாட்டிலிருந்து ஆற்றலைக் கறக்கும் இந்த வித்தையை ராலே பிரபு என்ற இங்கிலாந்து இயற்பியலர் 1883லேயே விளக்கிவிட்டார். இறக்கையை விரித்தே வைத்திருக்கத் தோளில் பூட்டுப்போல ஒரு தசைநார் உண்டு, தசை களைக்காது. பறக்கும் அல்பட்ராஸின் இதயத் துடிப்பு, கூட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உள்ளதைவிட அதிகம் உயர்வதில்லை என்று அளந்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இதுவும் ஓய்வில்தான் இருக்கிறது, பறந்துகொண்டே.

படகு நின்றிருக்கும்போது அதன் அலகைக் கூர்ந்து பார்த்தால், நுனியில் ஒரு துளி நீர் திரண்டு தொங்குவது தெரியும். குடிக்க நன்னீரே இல்லாத வாழ்க்கை. கண்ணுக்கு மேலுள்ள சுரப்பி ரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து, கடல்நீரைவிட உப்பான கரைசலாக நாசி வழியே வெளியேற்றுகிறது. உடலியல் ஆய்வாளர் க்நுட் ஷ்மிட்-நீல்சன் 1950களின் இறுதியில் கண்டறிந்து விளக்கியது அது.

ஈரலைக் காட்டிக் கூப்பிடுவது சரியா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. அளவு சிறியது, ஒரு படகு போடும் ஈரலால் பறவைக் கூட்டத்தின் கதி மாறிவிடாது. ஆனால் படகுக்குப் பின்னால் தீனி வரும் என்ற பாடம் நல்ல பாடமல்ல. சூரை பிடிக்க ஆயிரக்கணக்கான தூண்டில்களைப் போடும் கப்பல்களுக்குப் பின்னாலும் இவை அதே நம்பிக்கையோடு போகின்றன. தூண்டிலில் மாட்டி மூழ்குகின்றன. பறவை விரட்டும் நாடாக்களைக் கட்டுவதும், தூண்டிலை இரவில் இறக்குவதும், கயிற்றில் எடை சேர்த்து வேகமாக மூழ்கவைப்பதும் இந்தச் சாவைப் பெருமளவு குறைக்கும். செய்ய மனம் வேண்டும்.

இந்தக் கடல் வேடிக்கைக் கடலானது அண்மையில். 1840களில் ராபர்ட் ஃபைஃப் இங்கே திமிங்கல வேட்டை நிலையம் தொடங்கினார். அவருடைய குடும்பத்தின் பெயரால் நிற்கும் பழைய வீட்டின் அஸ்திவாரத்தில் இன்றும் திமிங்கல முதுகெலும்புகள் இருக்கின்றன. நியூசிலாந்துக் கடலில் கடைசியாக வேட்டையாடப்பட்ட திமிங்கலம் ஈட்டிபட்டது 1964 டிசம்பரில், கைக்கோராவுக்கு அப்பால்தான். 1980களில் ரயில்வேயில் ஆட்குறைப்பு வந்து, ஊரில் வேலை போனவர்களில் பூர்வகுடி மாவோரிகள் அதிகம். அவர்களில் சில குடும்பங்கள் வீட்டை அடமானம் வைத்துப் பணம் திரட்டி, 1987இல் திமிங்கலம் காட்டும் தொழிலில் இறங்கின. ஊரை அந்தத் தொழில்தான் தூக்கி நிறுத்தியது.

2016 நவம்பர் 14, நள்ளிரவு தாண்டி இரண்டாவது நிமிடம், 7.8 அளவுள்ள நிலநடுக்கம். கடற்கரை சில இடங்களில் ஆளுயரத்துக்கும் மேல் எழும்பி, பாசியும் கடல் நத்தைகளும் வெயிலில் கிடந்தன. மலைச்சரிவுகள் இடிந்து ஹட்டன் ஷியர்வாட்டர்களின் வளைகள் அடைகாக்கும் பறவைகளோடு புதைந்தன. நீருக்கடியில் நடந்ததோ எவர் கண்ணிலும் படவில்லை. பள்ளத்தாக்கின் சுவர்கள் சரிந்து, சுமார் 85 கோடி டன் சேறு ஒரே வீச்சில் ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டது. அந்தச் சேற்று வெள்ளம் கடலடிக் கால்வாய் வழியாக 680 கிலோமீட்டருக்கும் அப்பால் ஓடியது. உயிர் மண்டிக் கிடந்த அந்த வளமான படுகை வழித்தெடுத்த வெற்றுத் தரையாயிற்று.

திமிங்கலங்கள் என்ன செய்தன? நிலநடுக்கத்துக்கு முன்பும் பின்பும் அவற்றைப் பின்தொடர்ந்த ஒட்டாகோ ஆய்வாளர்கள் கண்டது இது: அடுத்த ஓராண்டுக்கு, முக்குளிப்புகளுக்கு நடுவே அவை மேற்பரப்பில் கழித்த நேரம் சுமார் 25 சதவீதம் கூடியது. மேய்ந்த இடங்களும் மாறின. பழகிய இடத்தில் இரை இல்லை. தேடி அலைய வேண்டியிருந்தது. கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் மூச்சு. மேலே நின்றிருந்த பயணிகளுக்கு அது நல்ல காலமாகத் தெரிந்திருக்கும், திமிங்கலம் அதிக நேரம் மிதந்ததே! பிறகு நேரம் பழைய அளவுக்குத் திரும்பியது. சேற்றுப் படுகையிலும் பத்து மாதங்களுக்குள்ளேயே பழைய உயிர்களின் இளம் தலைமுறை குடியேறத் தொடங்கியிருந்தது.

அந்த மூச்சு வாங்கும் நேரத்தில்தான் நம் படகு குறுக்கே வருகிறது. நியூசிலாந்தின் 1992ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு திமிங்கலத்தைச் சுற்றி 300 மீட்டருக்குள் மூன்று படகுக்கு மேல் கூடாது. 50 மீட்டரைவிட நெருங்கக் கூடாது. அதன் வழியை மறிக்கக் கூடாது. இவற்றைக் கடைப்பிடித்தும்கூட, படகு அருகே இருந்தால் மூச்சின் இடைவெளியும், முக்குளித்தபின் முதல் 'டக்' கேட்க ஆகும் நேரமும் கொஞ்சம் மாறுவதை அளந்திருக்கிறார்கள். மாற்றம் சிறியது. அடிக்கடி இங்கேயே தங்கும் திமிங்கலங்களைவிட, வந்துபோகும் புதியவைதான் அதிகம் கூசுகின்றன. முப்பது ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் கைக்கோராவுக்குக் கோடையில் வரும் திமிங்கலங்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. அதற்குப் படகுகள் காரணம் என்று காட்டும் சான்று இல்லை. கடல் வெப்பமாவதையும் இரை இடம் மாறுவதையும் ஆய்வாளர்கள் கவனித்து வருகிறார்கள்.

போக நினைப்பவர்கள் குமட்டல் மாத்திரையைக் கரையிலேயே போட்டுக்கொள்வது நல்லது. பள்ளத்தாக்கின் மேல் அலை வேறு மாதிரி ஆட்டும். திமிங்கலம் ஒன்றுமே தென்படாவிட்டால் கட்டணத்தில் 80 சதவீதத்தைத் திருப்பித் தருகிறார்கள். அப்படித் திரும்பி வரும் நாட்களிலும் ஹைட்ரோஃபோனில் டக்டக் கேட்டிருக்க வாய்ப்புண்டு. அதற்கு மீதி 20 சதவீதம் என் கணக்கில் மலிவு.